கூப்பிட்டு விசாரிக்க இருவர்

போர்டு அக்காவின் பயோடேட்டாவை நான்கு முறை எழுதினோம். நான்காவது முறை அது ஒன்றரைப் பக்கத்தில் வந்து நின்றது. அதில் பொய் எதுவும் இல்லை என்று வரிவரியாக விரல் வைத்துப் பார்த்தாயிற்று. கடைசிப் பகுதி மட்டும் காலியாகக் கிடந்தது. தங்கள் வேலையை நேரில் அறிந்த, உறவினர் அல்லாத இருவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் தேவை என்று விளம்பரத்தில் கேட்டிருந்தார்கள்.

"ரெண்டு பேரா?" என்றார் அக்கா. "ஒருத்தருக்கே வழியக் காணோம். இதுல ஜோடி வேற கேக்கறாங்க."

பதினேழு வருடமாக அவர் எங்கள் ஆஸ்பத்திரியின் டெலிபோன் போர்டில் உட்கார்ந்திருந்தார். வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் முதலில் காதில் விழுவது அவர் குரல்தான். உள்ளேயே ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரோடு பேச வேண்டுமென்றாலும், எண்ணைத் தேடச் சோம்பல்பட்டு அவரிடம்தான் கேட்பார்கள். எட்டு மாடியில் முந்நூற்றுப் பன்னிரண்டு எக்ஸ்டென்ஷன். அத்தனையும் அவருக்கு மனப்பாடம். எந்த டாக்டர் எந்த நேரத்தில் எந்த மாடியில் இருப்பார் என்பது அந்த டாக்டரின் மனைவியைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. போர்டு அறை அடித்தளத்தில், சலவைப் பகுதியைத் தாண்டி இருந்தது. ஜன்னல் கிடையாது. ஒரு மேசை, ஒரு சுவர்க் கடிகாரம், உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் பள்ளமான ஒரு நாற்காலி. இரண்டாவது நாற்காலி போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை, ஏனென்றால் யாரும் அங்கே வருவதில்லை. அடுத்த அறை எங்களுடையது. டாக்டர்கள் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பும் டிஸ்சார்ஜ் சம்மரியைத் தட்டச்சு செய்து, வீட்டுக்குப் போகிறவர்களுக்குப் புரியும்படி தமிழில் ஒரு பக்கம் எழுதிச் சேர்ப்பது என் வேலை. "எங்கள்" என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். அந்த அறையில் நான் ஒருத்திதான். இரண்டு அறைக்கும் நடுச்சுவரில் சீட்டு நீட்டுவதற்காக ஒரு கண்ணாடிக் கதவு வைத்திருந்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம் கழித்துத்தான் அதைத் திறந்து "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். அதற்குள் ஒரு லைன் வந்துவிட்டது. அவர் ஒரு விரலை உயர்த்திக் காட்டினார். பதில் மறுநாள்தான் கிடைத்தது.

அவர் பேச்சு அப்படித்தான். "வணக்கம், ஆஸ்பத்திரி. யார் வேணும்?" பிறகு, "லைன்ல இருங்க." அவ்வளவுதான். இணைப்பு போய்விடும், அக்காவும் போய்விடுவார். வீட்டிலிருந்து என்னோடு பேசினாலும் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்ததும் டக்கென்று வைத்துவிடுவார். கோபமோ என்று முதலில் பயந்தேன். அது தொழில் பழக்கம். ஒரு நாளைக்கு அறுநூறு பேரை இன்னொருவரிடம் அனுப்பிவைப்பவருக்கு விடைபெறும் பழக்கம் எப்படி இருக்கும்?

மழை தொடங்கிய மாதத்தில் ஆங்கிலத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. அடுத்த மாத முடிவோடு போர்டை எடுத்துவிட்டுத் தானாகப் பேசும் கருவி வைக்கப் போகிறார்கள். அக்கா அதை என்னிடம் நீட்டி, "இதுல என்ன போட்டிருக்கு, மரியாதையா சொல்லியிருக்காங்களா?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் சொல்லியிருந்தார்கள்.

"இனிமே ஒண்ணை அழுத்து, ரெண்டை அழுத்துன்னு சொல்லுமாம்," என்றார். "நெஞ்சு வலிக்கு ஒண்ணு, வயித்து வலிக்கு ரெண்டு. ரெண்டும் சேர்ந்து வந்தா பன்னெண்டா?"

சிரித்தோம். அவர் முதலில் நிறுத்தினார்.

அவருக்கு ஒரு தம்பி. வேறு ஊரில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு இருந்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தவறாமல் போன் செய்வான். விஷயம் தெரிந்ததும் அவன் சொன்னதை அக்கா எனக்கு அப்படியே நடித்துக் காட்டினார். "உனக்கு எதுக்குக்கா இந்த வயசுல வேலை தேடற வேலை? பேசாம இங்க வந்துடு. ஹால்ல ஒரு கட்டில் போட்டா முடிஞ்சு போச்சு. பிள்ளைங்களும் அத்தை அத்தைன்னு உன்னையே சுத்தி வரும்."

"நல்லாத்தானே சொல்றார்," என்றேன்.

"நல்லவன்தான். யார் இல்லைன்னா? அவன் வீட்டுல மூணு ரூம் இருக்கு. மூணுக்கும் கதவு இருக்கு. எனக்குச் சொல்றது ஹால்." மேசையைத் துணியால் துடைத்தபடியே சொன்னார். "ஹாலுக்கு ஏதும்மா கதவு?"

பஸ் பணிமனைக்கு எதிரே, மூன்றாவது மாடியில் ஒற்றை அறையில் அவர் குடியிருந்தார். ஒரே ஒரு முறை போயிருக்கிறேன். கட்டில், அடுப்பு மேடை, ஒரு ஜன்னல். ஜன்னலுக்குக் கீழே பஸ்கள் மெதுவாக வட்டமடித்துத் திரும்பும். சாவியை ஒரு பச்சைக் கயிற்றில் கோத்துக் கைப்பையின் உள்ளறையில் பத்திரமாக வைத்திருப்பார். வேலை போனால் அந்த அறை போகும், அந்தச் சாவியும் போகும். அவர் பயந்தது அதற்குத்தான். ஆகவே மாத முடிவுக்குள் ஒரு வேலை வேண்டும்.

விளம்பரம் ஒரு லிஃப்ட் கம்பெனியுடையது. ஊரில் உள்ள ஆயிரக்கணக்கான லிஃப்டுகளைப் பராமரிப்பவர்கள். யாராவது நடுவில் மாட்டிக்கொண்டு அபாய பட்டனை அழுத்தினால் மறுமுனையில் ஒரு குரல் எடுக்க வேண்டும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை மாட்டிக்கொண்டவரோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு ஆள் கேட்டிருந்தார்கள்.

பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துக் கம்ப்யூட்டர் கடையில் கொடுத்து அக்கா முதலில் ஒரு பயோடேட்டா வாங்கி வந்தார். மூன்று பக்கம், ஓரத்தில் நீலக் கோடு. கடைக்காரர் எல்லாருக்கும் ஒரே அச்சில் வார்த்துக் கொடுப்பவர் போலிருக்கிறது. பன்னிரண்டு பேர் கொண்ட குழுவைத் தலைமையேற்று நடத்தியவர் என்று இருந்தது. சவால்களை விரும்புபவர் என்று இருந்தது. பொழுதுபோக்கு வாசிப்பு, பயணம்.

"பன்னெண்டு பேராம்," என்றார் அக்கா. "எனக்கு மாத்து ஆள் ஒண்ணு கேட்டே தொண்டை வத்திப்போச்சு. நூத்திரண்டு டிகிரி ஜுரத்தோட வந்து உக்காந்திருக்கேன். பயணம்னு எதைச் சொல்றான், பதினாலாம் நம்பர் பஸ்ஸையா?"

"நீங்க சொல்லலையா அவர்கிட்ட?"

"சொன்னேன். எல்லாரும் இப்படித்தான் போடறாங்க, இல்லாட்டி எடுத்துப் படிக்கவே மாட்டாங்கன்னான்." கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். "படிச்சுப் பாத்தா நல்லாத்தான் இருக்கு. இந்தப் பொம்பளையை நானே வேலைக்கு எடுத்துக்குவேன். ஆனா இது யாருன்னு எனக்குத் தெரியல."

அதன் பிறகுதான் என்னிடம் கேட்டார். இரண்டு மொழியிலும் எழுதத் தெரிந்தவள் பக்கத்திலேயே இருப்பது அதுவரை அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும்தான், நானாகச் சொல்லத் தோன்றவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போர்டு அறைக்குப் போவேன். லைன் வராத இடைவெளிகளில் எழுதினோம். என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டால், "போன் எடுத்தேன்," என்பார். வேறு? "போன் குடுத்தேன்." பதினேழு வருடம் இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. கேட்டுப் பயனில்லை என்று தெரிந்து, இரண்டு நாள் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். பார்த்ததை எழுதினேன். ஒரு நாளில் சுமார் அறுநூறு அழைப்புகள் என்று எழுதினேன். அவர் "சுமார்"-ஐ அடித்துவிட்டு, "திங்கள்கிழமை அறுநூறு, மத்த நாள் ஐநூறுன்னு போடு" என்றார். முந்நூற்றுப் பன்னிரண்டு எண்கள் மனப்பாடம் என்று எழுதினேன். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் ஒப்பித்துப் பார்த்தார். நான் பட்டியலை வைத்துச் சரிபார்த்தேன். இரண்டு தப்பு வந்தது. "முந்நூத்திப் பத்துன்னு மாத்திடு," என்றார்.

தெரிந்த மொழிகள் என்ற இடத்தில் கடைக்காரர் நான்கு மொழிகளைச் சரளமாக என்று போட்டிருந்தார். அக்காவுக்கு ஒரு மொழிதான் பேசத் தெரியும். மற்ற மூன்றிலும் கூப்பிடுகிறவர் யாரைக் கேட்கிறார் என்பது மட்டும் புரியும். அதையே அப்படியே எழுதினோம். மூன்று மொழிகளில், யாரைக் கேட்கிறார்கள் என்பது புரியும். எழுதிவிட்டு இருவரும் அதை இரண்டு தடவை படித்தோம். அது நன்றாக இருந்தது.

படிப்புதான் கஷ்டப்படுத்தியது. பன்னிரண்டாம் வகுப்பில் அக்கா கணக்கில் தேறாமல் போய்விட்டார். கடைக்காரர் தேர்ச்சி போட்டிருந்தார்.

"முப்பது வருஷத்துக்கு முந்தின கதை. யாரு தோண்டிப் பாக்கப் போறா?" என்றார் அக்கா.

"பாக்க மாட்டாங்கதான்."

"அப்ப?"

"பன்னிரண்டாம் வகுப்பு வரை படிச்சேன்னு போடலாம். அது நெஜம். தேர்ச்சியான்னு கேட்டா, இல்லைன்னு சொல்லுங்க."

ஒரு லைன் வந்தது. குழந்தைகள் வார்டு. இணைத்துவிட்டுத் திரும்பினார். "கணக்கு வாத்தியார் இன்னும் என்னை விடமாட்டேங்கறாரு," என்றார். ஆனால் தேர்ச்சியைத் தன் கையாலேயே அடித்தார்.

இப்படியாகத்தான் அந்தக் கடைசிப் பகுதிக்கு வந்து சேர்ந்தோம். அவர் வேலையை நேரில் அறிந்த இருவர்.

"சூப்பர்வைசரம்மா இருந்தாங்க. என்னை வேலைக்கு எடுத்ததே அவங்கதான். போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாச்சு." போர்டைக் காட்டினார். "அங்க மட்டும் லைன் குடுக்க முடியாது."

வேறு யார் என்று யோசித்தோம். காலையில் பூட்டைத் திறந்துவிடும் காவலாளி மாதத்துக்கு ஒருவராக மாறிக்கொண்டிருந்தார். சலவைப் பகுதிப் பெண்களுக்கு அக்காவின் செருப்புச் சத்தம் தெரியும், வேலை தெரியாது. அவர் குரலைத் தினமும் கேட்கிறவர்கள் அறுநூறு பேர். பேப்பரில் எழுத ஒரு பெயர் இல்லை. அக்கா பேனாவை மூடி மூடித் திறந்தார். நான் என் சாப்பாட்டு டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் பெரிய டாக்டரிடம் கேட்பது என்று முடிவாயிற்று. அவர் நான்காவது மாடி. ஆஸ்பத்திரி முழுவதையும் பார்த்துக்கொள்பவர். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது போர்டைக் கூப்பிடுவார். ராத்திரியில் செய்வது போல லைன்களை அவசரப் பிரிவுக்குத் திருப்பிவிட்டு அக்கா கிளம்பினார், துணையாக நானும் போனேன். பதினேழு வருடத்தில் நான்காவது மாடிக்கு அவர் வருவது இரண்டாவது முறை. லிஃப்டில் ஏறியதும் அபாய பட்டனைக் குனிந்து பார்த்தார். பக்கத்தில் ஒட்டியிருந்த எண்ணை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிக்கொண்டார். மனப்பாடமாகியிருக்கும்.

பெரிய டாக்டர் நிமிர்ந்து பார்த்து, "எந்த வார்டும்மா?" என்றார்.

"வார்டு இல்ல சார். போர்டு."

"எந்த போர்டு?"

"டெலிபோன் போர்டு சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொரு தடவை சொல்லுங்க," என்றார்.

அக்கா நிமிர்ந்து நின்றார். "லைன்ல இருங்க சார்," என்றார்.

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "அட, நீங்களா! நான் என்னமோ ஒல்லியா, சின்னப் பொண்ணா இருப்பீங்கன்னு நெனச்சிட்டிருந்தேன்."

"சேர்ந்தப்போ அப்படித்தான் சார் இருந்தேன்."

அவர் சிரிப்பு கொஞ்சம் தயங்கியது. உட்காரச் சொன்னார். அக்கா உட்காரவில்லை. விஷயத்தைக் கேட்டு, தாராளமாகத் தன் பெயரைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். தொலைபேசி எண் கேட்டதற்கு, "ஆஸ்பத்திரி நம்பரே போடுங்க. போர்டுல கேட்டா எனக்குக் குடுப்பாங்க," என்றார். நான் அதைக் குறித்துக்கொண்டேன். அந்த வாக்கியத்தில் என்ன கோளாறு என்று அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் உறைக்கவில்லை. ஆஸ்பத்திரி எண் என்றால் அப்படித்தான். காற்றைப் போல அது எங்கும் இருக்கும், அதற்குப் பின்னால் ஆள் உண்டு என்று யார் நினைப்பார்கள்? அக்காவே நினைக்கவில்லை.

இறங்கி வரும்போது இரண்டாவது பெயர் இன்னும் பாக்கி இருந்தது. சலவைப் பகுதியைக் கடக்கும்போது சொன்னேன், "என் பேரைப் போடலாம்." நான் எதையும் நானாக முன்வந்து செய்கிறவள் இல்லை. சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன்.

"நீ வந்து எட்டு மாசம்தானே ஆச்சு?"

"எட்டு மாசம்னே போடலாம்."

அப்படியே போட்டோம். என் எண்ணாகவும் அதே ஆஸ்பத்திரி எண். எக்ஸ்டென்ஷன் நூற்றுப் பதினெட்டு.

அனுப்பி ஒன்பது நாள் எதுவும் வரவில்லை. மாத முடிவுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. தம்பி கட்டில் வாங்கிவிட்டதாகச் சொன்னான். பத்தாவது நாள், சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால், நான் அக்காவின் அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தபோது ஒரு வெளி லைன் வந்தது. பழைய போர்டு. ஹெட்போனிலிருந்து சத்தம் வெளியே கசியும். கூப்பிட்டவர் பேசியதும் எனக்குக் கேட்டது. பெரிய டாக்டரைக் கேட்டார் ஒரு ஆண். லிஃப்ட் கம்பெனியிலிருந்து பேசுவதாகச் சொன்னார்.

அக்காவின் முதுகு நேரானது. "லைன்ல இருங்க," என்று இணைத்தார். மணி அடித்தது, அடித்தது, யாரும் எடுக்கவில்லை. லைன் திரும்பி வந்தது.

"சார் ஆபரேஷன் தியேட்டர்ல இருக்காருங்க. ரெண்டு மணிக்கு மேல கிடைப்பாரு."

"ரெண்டு மணியா? பன்னெண்டரைக்கு நான் பட்டியலை மேல அனுப்பியாகணுமேம்மா," என்றார் அவர். பின்னால் யாரோ ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டிருந்தார்கள். "சரி, ஒண்ணு பண்ணுங்க. உங்க ஆஸ்பத்திரி டெலிபோன் போர்டுல ஒரு அம்மா பதினேழு வருஷமா இருக்காங்களாமே, நீங்க அவங்களோட வேலை பாக்கறவங்கதானே?"

அக்கா ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"சும்மா உங்க மனசுல பட்டதைச் சொல்லுங்க, போதும். நல்லா வேலை பாப்பாங்களா? நம்பி எடுக்கலாமா? ரெண்டு வார்த்தை சொன்னீங்கன்னா எழுதிட்டு முடிச்சிடுவேன்."

கடிகாரத்தில் பன்னிரண்டு இருபது. அக்கா என்னைப் பார்த்தார். சொல்லுங்கள் என்று என் முகம் சொல்லியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அவரைப் பார்த்தவர் யாருமில்லை. அந்தக் குரலுக்கு ஒரு பெயரில்லை. நல்லா பாப்பாங்க சார், நம்பி எடுக்கலாம் என்று சொன்னால் அதில் பொய்யும் இல்லை. அந்த அறையில் பத்து வருடம் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொருத்தி, இருந்திருந்தால், அதைத்தானே சொல்லியிருப்பாள்?

"அந்த அம்மா நான்தாங்க," என்றார் அக்கா.

ஸ்டேப்ளர் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவர், "அட கடவுளே," என்று சிரித்தார். "நீங்களே பத்து மார்க் போட்டுக்கிட்டிருக்கலாமே!"

"என்னைப் பத்தி நானே சொன்னா செல்லாதுங்களே. ரெண்டாவதா ஒரு பேர் இருக்கும் பாருங்க. அவங்களுக்குக் குடுக்கறேன். லைன்ல இருங்க."

லைனை நிறுத்திவிட்டு என்னிடம் திரும்பினார். "போ. உன் ரூமுக்குப் போ."

"இங்கேயே பேசறேனே. நேரமாகுது."

"பக்கத்துல உக்காந்துக்கிட்டு என்னைப் பத்தி எப்படி நெஜம் பேசுவே? போம்மா!"

ஓடினேன். என் மேசை போன் அடித்தது. லிஃப்ட் கம்பெனிக்காரர் எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டார். எட்டு மாதம் என்றேன். நேரம் தவறாமல் வருவாரா? வருவார். கோபப்படுவாரா? கத்துகிறவர்களிடம் குரலைத் தாழ்த்துவார், அவ்வளவுதான். கணினி? மெதுவாகத்தான் தட்டுவார்.

"குறைன்னு ஏதாவது?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராக இல்லை. "வெக்கறேன்னு சொல்லிட்டு போனை வைக்க மாட்டாங்க," என்றேன். "பேசி முடிச்சதும் டக்குனு வெச்சுடுவாங்க."

"அப்படியா?" அவர் குரல் மாறியது. "எங்க வேலையே அரைமணி நேரம் வைக்காம பேசறதுதாம்மா. மாட்டிக்கிட்டவங்க அழுவாங்க, கத்துவாங்க. சில பேர் மூச்சே விடமாட்டாங்க. அவங்களோட பேசிக்கிட்டே இருக்கணும். பேசுவாங்களா?"

கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். போர்டில் சுவிட்ச் போல ஒரு சாவி உண்டு. அதைக் கீழே தட்டிவிட்டால் எந்த லைனில் யார் என்ன பேசினாலும் கேட்கலாம். சாவி மேலேதான் இருந்தது. அக்கா எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, வேறு யாருக்கோ லைன் கொடுத்துக்கொண்டிருந்தார். இடது கையால் எங்கள் லைனின் பச்சை விளக்கை மூடியிருந்தார்.

"தெரியலைங்க," என்றேன். "இதுவரைக்கும் அவங்ககிட்ட யாரும் அரைமணி பேசினதில்ல."

என்னால் அவர் வேலை போயிற்று என்று எனக்குத் தோன்றியது. அப்போது ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. அதையும் சொன்னேன். போன மாதம் ஒரு வயதான அம்மா, கணவரைச் சேர்த்திருந்த வார்டைக் கேட்டுக் கூப்பிட்டார். அந்த வார்டில் அன்று போன் வேலை செய்யவில்லை. அக்கா பக்கத்து வார்டுக்குச் சொல்லி ஓர் ஆளை அனுப்பிவிட்டு, ஆள் திரும்பி வரும்வரை அரை நிமிடத்துக்கு ஒரு தடவை அந்த லைனுக்குப் போய், "லைன்ல இருங்கம்மா, நான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாற்பது நிமிடம். நடுவில் மற்ற லைன்களும் நிற்கவில்லை.

"அது பேச்சுக் கணக்குல வருமான்னு எனக்குத் தெரியாதுங்க," என்றேன்.

"சரிம்மா," என்று வைத்துவிட்டார்.

அக்கா கண்ணாடிக் கதவைத் திறந்தார். "முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன் என்று அவர் கேட்கவில்லை. இன்றுவரை கேட்டதில்லை.

நான்கு நாள் கழித்து நேரில் வரச் சொன்னார்கள். கேள்விகள் குறைவு. பன்னிரண்டாவது தேர்ச்சியா என்று மட்டும் ஒருவர் கேட்டிருக்கிறார். கணக்குல போயிடுச்சுங்க என்று அக்கா சொல்லியிருக்கிறார். பிறகு ஒரு அறையில் போன் முன்னால் உட்கார வைத்து, இன்னொரு அறையிலிருந்து ஒரு இளைஞன் லிஃப்டில் மாட்டிக்கொண்டவனாக நடித்துப் பேசியிருக்கிறான். இருபது நிமிடம் அவனை விடாமல் பிடித்து வைக்க வேண்டும்.

"மூணே நிமிஷத்துல என் சரக்கு தீந்து போச்சு," என்றார் அக்கா மறுநாள். "லைன்ல இருங்க, ஆள் வந்துக்கிட்டிருக்காங்கன்னு எத்தனை தடவைதான் சொல்றது? அப்புறம் வேற ஒண்ணும் தெரியாம, பழக்கத்துல, யார் வேணும்னு கேட்டுட்டேன்."

"லிஃப்ட்ல இருக்கறவன்கிட்டயா?"

"ஆமா. கேட்டுட்டு நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். அவனும் கொஞ்சம் தடுமாறினான். அப்புறம், ஆறாவது மாடில அண்ணன் இருக்கான், அவனைப் பாக்கத்தான் போனேன்னான். சரி, என்ன விஷயமான்னேன். பேசி ரெண்டு வருஷமாச்சுங்கன்னான். நடிச்சானா நெஜமான்னு இப்பவும் எனக்குத் தெரியாதும்மா. அதுக்கப்புறம் நான் எங்க பேசினேன்? 'ம்'னு சொன்னாலே போதுமா இருந்துது. இருபது நிமிஷம் முடிஞ்சதுன்னு யாரோ வந்து அவன் கதவைத் தட்டினாங்க."

மூன்று மாதப் பரிசோதனைக் காலம் என்று எடுத்துக்கொண்டார்கள். தம்பியிடம் சொன்னபோது, "கட்டிலை என்னக்கா பண்றது?" என்றானாம். "பிள்ளைங்க ஏறிக் குதிக்கட்டும்," என்றாராம் இவர்.

போர்டைக் கழற்ற வந்த நாளில் அக்கா இல்லை. முந்தின நாளே விடுவித்துவிட்டார்கள். நாற்காலியை மட்டும் அப்படியே விட்டுப் போனார்கள். இப்போது ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டால் ஒரு பெண் குரல் எண்களைச் சொல்கிறது. இனிமையான குரல்தான். கண்ணாடிக் கதவை நான் திறப்பதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா எனக்குப் போன் செய்தார். என்ன விஷயம் என்று கேட்டேன். "சும்மாதான்," என்றார். எனக்கு அது புதிதாக இருந்தது.

வேலை எப்படி என்று கேட்டேன். அங்கேயும் ஒரு சின்ன அறைதானாம். ஆனால் ஜன்னல் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பேர் கூப்பிடுகிறார்கள். பாதிப் பேர் விளையாட்டுக்கு பட்டனை அழுத்தும் குழந்தைகள். நிஜமாகவே மாட்டிக்கொண்ட மீதிப் பேரோடு பேசுகிறார். யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டால் அநேகமாக எல்லாரும் சொல்லிவிடுகிறார்களாம்.

"ஆனா ஒண்ணு," என்றார். "மெக்கானிக் வந்து கதவைத் திறந்ததும் அப்படியே போயிடறாங்க. போயிட்டு வரேன்னு ஒரு வார்த்தை கிடையாது. அவங்க அவசரம் அவங்களுக்கு. பேசிக்கிட்டிருந்த பேச்சு பாதில நிக்கும். லைனை அவங்களால வைக்க முடியாது, பட்டன் என்கிட்டதான் இருக்கு. நான்தான் வைக்கணும்."

"வெச்சுடுவீங்களா?"

"வைக்காம? அடுத்த ஆள் கூப்பிடுவானே." கொஞ்சம் பொறுத்து, "உடனே வைக்கறதில்ல," என்றார். "கொஞ்ச நேரம் கேப்பேன்."

"என்ன கேக்கும்?"

"ஒண்ணுமில்ல. ஃபேன் ஓடும். அப்புறம் கதவு தானா மூடிக்கும்."

வழக்கமாக இதற்குள் அவர் போனை வைத்திருப்பார். வைக்கவில்லை.

"அப்புறம்?" என்றார் அக்கா.

என்னிடம் சொல்வதற்குப் பெரிதாக எதுவும் இல்லை. எட்டு மாதம் பக்கத்தில் இருந்து பேசாததை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எங்கிருந்து எடுப்பது? காலையில் துணி துவைத்தேன் என்றேன். மழை வரும் போலிருக்கிறது என்றேன். அவர் "ம்" என்றார். அவர் ஜன்னலுக்குக் கீழே ஒரு பஸ் வட்டமடித்துத் திரும்புகிற சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று.

"வெச்சுடட்டுமா?" என்று கேட்டார்.

"இருங்க," என்றேன்.